பேர் வெட்டிக்கொண்டு வந்த அப்பாவுக்கு

இன்று காலை என் மேசைக்கு முன்னால் உங்கள் கோட்டு வந்து நின்றது, அப்பா. உங்களுடையது இல்லைதான். ஆனாலும் அதே கறுப்பு, அதே நனைந்த கம்பளி வாடை, அதற்குள் ஊறிப்போன தேயிலைத் தூள் மணம். ஸ்டோர் வேலைக்காரர் என்று தலையை நிமிர்த்தாமலேயே தெரிந்துவிட்டது. கொழுந்தை அரைத்துத் தூளாக்குகிற ஸ்டோரில் உழைக்கிறவரின் உடுப்பை எவ்வளவு துவைத்தாலும் அந்த மணம் போகாதே. இறம்பொடைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து விடிய எழும்பி பஸ் ஏறி வந்திருந்தார். மகளை நான் படிப்பிக்கும் நுவரெலியாப் பள்ளிக்கூடத்துக்கு மாற்ற வேண்டுமாம். பாடசாலை மாற்றம் கேட்டு வருகிற பெற்றோரோடு பேசுவது இப்போது என் பொறுப்பு.

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் கேட்டார்: “புள்ளைக்கு அங்க பேர் வெட்டிட்டு வந்துறவா, டீச்சர்?”



நீங்கள் அதைக்கூட யாரிடமும் கேட்கவில்லையே, அப்பா. ஒருவரிடம் போய்க் கேட்பதென்றால் உங்களுக்குக் கௌரவக் குறைச்சல். அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னப் பழகியதுகூட, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் செல்விக்கு அவள் அம்மா பின்னுவதை ஓரக்கண்ணால் பார்த்துத்தான். “எனக்குத் தெரியாதா என்ன?” என்று சொல்லிவிட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் இரட்டைப் பின்னலோடு என்னை அனுப்புவீர்கள்.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக் கணக்கு மாஸ்டர் மாற்றலாகிப் போய், வேறு ஆள் வராமலே மாதங்கள் ஓடின. ஒருநாள் என் கணக்குக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தீர்கள். வெறுந்தாள். “நீ கொழுந்துக் கூடை தூக்க வேணாம் தாயி. டவுன் ஸ்கூல்ல சேத்து விடுறேன்” என்றீர்கள். மறுநாளே பள்ளிக்கூடத்தில் என் பேரை வெட்டி, விடுகைப் பத்திரத்தை வாங்கிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

தோட்டத்தில் அதுதானே முறை. வேறு தோட்டத்துக்குப் போகிறவர் முதலில் பழைய தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் பேரை வெட்டிக்கொள்ள வேண்டும். பேர் வெட்டாத ஆளைப் புதுத் தோட்டத்தில் பதியமாட்டார்கள். உங்கள் அப்பா கொத்மலையிலிருந்து வந்ததும் அப்படித்தான். பள்ளிக்கூடமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டீர்கள். வேறு எப்படி நினைப்பீர்கள்?

டவுன் பள்ளிக்கூடத்து அதிபர் யாழ்ப்பாணத்து அம்மா. பத்திரத்தைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார். “இதை ஏன் இப்பவே எடுத்தனீங்கள்? பிள்ளை அங்க படிச்சுக்கொண்டிருக்கேக்கையே மாற்றம் கேட்டு எழுதித் தந்திருக்க வேணும். தை மாசம் இடம் வந்தால் நாங்கள் கூப்பிடுவம். அதுக்குப் பிறகுதான் பேரை வெட்டிறது.” வருஷத்தின் நடுவில் சேர்ப்பதென்றால், டவுனுக்கே குடிமாறி வந்தவர்களின் பிள்ளைகளை மட்டும்தானாம், அதற்கும் கிராம சேவகரின் கடிதம் வேண்டுமாம். “இப்போதைக்குப் பழைய பள்ளிக்கே திருப்பி அனுப்புங்கோ” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

நீங்கள் கேட்டால்தானே! பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு தடவை வாய் திறந்தீர்கள். “வெட்டின பேரத் திருப்பி எழுதச் சொல்லி அந்த வாசல்ல நிக்கிறதா?”

நான் வீட்டிலிருந்தேன். மற்றப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு இறங்கிப் போவதைக் காம்பரா வாசலிலிருந்து பார்ப்பேன். ஒரு பின்னேரம் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போன இடத்தில் ஒருவர் உங்களிடம் சொன்னார்: “புள்ள சும்மாதானேண்ணே இருக்கு? கொழும்புல வீட்டு வேலைக்குப் புள்ள தேடுறாங்க.” வாளி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் தோட்டத்து ஒஃபீசுக்குப் போய் உங்கள் பேரையும் வெட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

ஸ்டோர் வேலை போனது. காம்பரா போனது. நுவரெலியாச் சந்தைக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஓர் அறை, லொறிகளில் லீக்ஸ் மூட்டையும் கரட் மூட்டையும் ஏற்றுகிற வேலை. கிராம சேவகரின் கடிதத்தோடு போனபோது அதிபர் அம்மா உங்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பேரை எழுதினார். வெளியே வந்ததும் எனக்குப் பனிஸ் வாங்கித் தந்து, “பாத்தியா, முடிச்சிட்டேன்ல?” என்று சிரித்தீர்கள்.

தை பிறந்தது. என் வகுப்புக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தது. நம் செல்வி! அவளுடைய அப்பா வந்து கேட்டு, எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ப் பேசாமல் இருந்திருக்கிறார். கூப்பிட்ட பிறகு பேரை வெட்டி அழைத்து வந்திருக்கிறார். லயத்திலிருந்தே அவள் பஸ்ஸில் வந்து போவாளாம். அறைக்கு ஓடி வந்து உங்களிடம் சொன்னேன். மூட்டைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. “நல்லதாப் போச்சு. ஒனக்குத் துணையாச்சு” என்றீர்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை.

ஆனால் அதிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் செல்வியை பஸ் ஏற்றிவிட வந்தீர்கள். “அங்கிட்டு மழையா? எங்க காம்பராவுல இப்ப யாரு இருக்காங்க?” புதிதாகக் கல்யாணம் கட்டியவர்கள் வந்திருப்பதாக அவள் சொன்னாள். ஒருநாள் நீங்கள் அங்கே வைத்த மரத்தக்காளியில் காய்த்ததென்று இரண்டு பழம் கொண்டு வந்தாள். ஒன்றை எனக்குத் தந்தீர்கள். மற்றதைச் சாப்பிடாமல் அறைவரை கையிலேயே வைத்திருந்தீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வந்தது, அப்பா. அந்த வாசலில் ஒரு தடவை போய் நின்றிருந்தால்தான் என்ன?

நான் ஆசிரியையாக நியமனம் பெற்றதைப் பார்த்தீர்கள். அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சுச்சளியோடு அந்தத் தகர அறையில் கிடந்தபோது கண்ணைத் திறக்காமலே கேட்டீர்கள்: “ஸ்டோர்ல சங்கு ஊதிருச்சா, தாயி?” சந்தை லொறிகளின் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. “ஊதிருச்சுப்பா” என்றேன். எழும்பப் பார்த்தீர்கள்.

உங்கள் கோட்டு என் அலமாரியில் இருக்கிறது. அத்தனை வருஷம் லீக்ஸ் மூட்டை சுமந்தும் அதில் தேயிலை மணம்தான் வருகிறது.

இன்று அந்த மனிதர் கேட்டதும், “வெட்டிறாதீங்க!” என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாவம், பயந்துபோனார். உட்காரவைத்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, மெதுவாகச் சொன்னேன். “மாற்றம் வேணும்னு எழுதித் தந்துட்டுப் போங்க. இடம் கெடைச்சதும் நாங்களே கூப்பிடுவோம். அப்புறமா பேர வெட்டுனாப் போதும். அதுவரைக்கும் புள்ள அங்கயே படிக்கட்டும், ஒருநாளும் நிப்பாட்டிறாதீங்க.”

“அவ்வளவுதானா, டீச்சர்?” என்றார்.

அவ்வளவுதான், அப்பா. அவர் மகள் நாளைக்கும் தன் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போவாள். பின்னேரம் தன் லயத்துக்கே திரும்பி வருவாள். அவள் அப்பாவும் அங்கேதான் இருப்பார்.