உன்ரை பேரில் ஒரு கிண்ணம்

என்ரை செல்லச் சுமையாவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை என்று உன்ரை உம்மா சொல்கிறா. அப்படியென்றால் உனக்கு அங்கே எப்படிப் பொழுது போகும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

போட்டிக்காலம் முடிந்துவிட்டது. என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லவேண்டிய ஆள் நான்தான். மற்றவர்கள் சொல்லித் திரிவதைக் கேட்டால் எனக்கு ஓங்காளம் வருகிறது. அழவேண்டிய இடத்திலும் எனக்கு அருவருப்புத்தான் வருகிறது, சுமி. இப்படி இருப்பது சரியா? உன்னிடம்தான் கேட்கலாம். நீதான் இல்லையே.

இதை எல்லாரும் வாசிக்கட்டும் என்றே எழுதுகிறேன். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான மலைச் சைக்கிள் போட்டிகளில் வடக்கிலிருந்து ஓடிய பெட்டைகள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். நான் உடுவில் கிராமம், நீ யாழ்ப்பாணம் ரவுணுக்குள். உங்கடை குடும்பம், முன்னம் இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, வாப்பா பெரிய கடைத்தெருவில் கடை திறந்த பிறகுதான் நீ எனக்குக் கிடைத்தாய். மலையே இல்லாத ஊரிலிருந்து மலையில் ஓட வந்திருக்கினம் என்று போன இடமெல்லாம் சிரித்தார்கள். “மணலிலை மிதிச்ச காலுக்கு மலை என்ன பெரிய மலையோ?” என்று நீ திருப்பிக் கேட்டாய்.

முதல் சுற்று குருநாகல் பக்கம், ஒரு தென்னந்தோப்பில். விடாத மழை. செயினுக்குள் சேறு அடைத்துக் கியர் மாறாமல் போக, கடைசி வட்டத்தில் நீ சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியே முடித்தாய். பிறகு சேற்றுக் கையாலேயே மீன் வைத்த மாலு பணிஸ் தின்றாய். ஹெல்மெற், அதற்குள் கறுப்பு ஸ்காஃப், முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை. இந்த வருடத்தில் எனக்கு அருவருப்பு வராத நாள் அது ஒன்றுதான்.

இரண்டாம் சுற்று மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். அன்று காலை இரண்டு பேரும் பாதையை நடந்து பார்க்கப் போனோம். செங்குத்தான இறக்கம், அடியில் சட்டென்று வலப்பக்கம் ஒரு வளைவு, வளைவுக்கு நேரே திறந்தபடி ஒரு சீமெந்துக் காண், தண்ணீர் ஓடுகிற வடிகால். அதை முதலில் கண்டது நீ. நேரே செயலாளரிடம் போனாய். எங்கடை சைக்கிள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர், போட்டிகளை ஒழுங்குபடுத்துகிற குழுவிலும் அவர்தான் முன்னுக்கு நிற்பார்.

“சேர், அந்த வளைவிலை வைக்கோல் மூட்டை அடுக்கோணும். வழுக்கினால் நேரா காணுக்குள்ளைதான்.”

“ஓம், ஓம், வைப்பம். நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ பிள்ளையள்.”

வைக்கோல் மூட்டை இல்லாமல் இல்லை, சுமி. அத்தனையும் மேடையைச் சுற்றி இருந்தது. மேலே வெள்ளைத் துணி விரித்து, பிரதம விருந்தினரும் அவரோடு வந்தவர்களும் இருந்து படம் எடுக்க அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு மேலே வரும்போதுதான் நான் அதைக் கண்டேன். ஒரு அம்மா அதில் குந்தியிருந்து பிள்ளைக்கு ஐஸ்கிறீம் ஊட்டிக்கொண்டிருந்தா.

நான் உனக்குப் பின்னால்தான் வந்தேன். நீ பிறேக் பிடித்தாய். அந்தக் கிறீச்சென்ற சத்தம் எனக்குக் கேட்டது. ஈரக் களிமண்ணில் பின்சில்லு வழுக்கி, சைக்கிளோடு நீ நேரே காணுக்குள் போனாய். அவ்வளவுதான். அம்புலன்ஸ் இல்லை. தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியில் உன்னைக் கிடத்தினோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முதலே உன்ரை கை என்ரை கைக்குள் குளிர்ந்துவிட்டது. லொறி புறப்படும்போதும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா?

உன்னை அடக்கம் செய்த அடுத்த நாள் செயலாளர் உங்கடை வீட்டுக்கு வந்தார். வாப்பாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“பிள்ளை கொஞ்சம் வேகமா வந்திட்டா. அனுபவம் காணாது. என்ன செய்யிறது, விதி.”

“இல்லை சேர். அவள் பிறேக் பிடிச்சவள். நான் பார்த்தனான்” என்றேன்.

அவர் என்ரை பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்து வீட்டு மாமி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தா. செயலாளர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் சீனி போடுங்கோ” என்றார். வாப்பா தன்ரை கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் சுற்றுக்கு நான் போனேன். ஏன் போனாய் என்று கேட்காதே. வீட்டில் இருந்தால் எனக்கு விசர் பிடித்திருக்கும். தொடங்க முன்னம் உனக்காக ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்தார்கள். பாதியில் அறிவிப்பாளரின்ரை போன் அடித்தது. எடுத்து, “இந்தா, இதை முடிச்சிட்டு வாறன்” என்று கதைத்தார். பிறகு மைக்கில் “நன்றி, அமருங்கள்” என்றார். முதல் மேட்டிலேயே நான் இறங்கி வாந்தி எடுத்தேன். எனக்கு முன்னால் போன கண்டிச் சிங்களப் பெட்டை திலினி திரும்பி வந்து தண்ணீர் தந்தாள். அதனால் அவளுக்கும் இடம் போனது. நான் கடைசியாக வந்தேன்.

கடைசிச் சுற்றை எங்கடை பக்கம் வைத்தார்கள். மணற்காட்டு மணல் மேடுகளும் சவுக்கந்தோப்பும்தான் பாதை. உன்ரை பேரில் நினைவுக் கிண்ணம். வாசலில் பெரிய பனர் கட்டியிருந்தார்கள். அதில் பிரதம விருந்தினர் கைகூப்பிக்கொண்டு ஆளுயரத்துக்கு நின்றார், அவருக்குப் பக்கத்தில் செயலாளர். கீழ் மூலையில் ஒரு முத்திரை அளவுக்கு நீ. உன்ரை உதட்டுக்குச் சிவப்புப் பூசியிருந்தார்கள். பேரைச் ‘சுமைதா’ என்று அடித்திருந்தார்கள். உம்மா அதற்குக் கீழே நின்று எழுத்துக்கூட்டி வாசித்ததை நான் பார்த்தேன். “இது என்ரை பிள்ளை இல்லையே” என்று மட்டும் சொன்னா.

அன்று காலைப் பயிற்சியில் பெரிய மேட்டிலிருந்து இறங்கினேன். அடியில் தோப்புக்குள் திரும்புகிற இடத்தில், யாரோ எப்போதோ போட்ட வேலியின் முட்கம்பி கழுத்து உயரத்துக்குத் தொய்ந்து கிடந்தது. மணலில் சில்லு கொஞ்சம் விலகினால் நேரே அதில்தான் போய் விழவேணும். செயலாளரிடம் ஓடினேன்.

“பாப்பம் பிள்ளை. இப்ப எனக்கு மேடை வேலை கிடக்கு.”

அவர் பார்க்கவில்லை. அம்புலன்ஸும் வரவில்லை. தொடங்குகிற கோட்டில் எல்லாரும் நின்றபோது நான் இறங்கி, சைக்கிளைக் கோட்டுக்குக் குறுக்கே படுக்கவைத்தேன்.

செயலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “எஸ்தர், என்ன கூத்து இது? உன்ரை சிநேகிதியின்ரை பேரிலை நடக்கிற போட்டி. நீயே குழப்பலாமோ?”

“அவளின்ரை பேரிலை நடக்கிறபடியால்தான் சேர். கம்பியை எடுங்கோ. அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ. பிறகு ஓடுறன்.”

“உன்னை அடுத்த வருசம் ஓடவிடாமல் பண்ணுவன், தெரியுமோ?”

சனத்துக்குள் இருந்து யாரோ “உவளுக்கு நல்ல திமிர்” என்றான். என்ரை அப்பாகூட, “விடு பிள்ளை, ஓடிப்போட்டு வா, பிறகு கதைப்பம்” என்று மெல்லமாகக் கூப்பிட்டார். அப்போது திலினி தன்ரை சைக்கிளை என்னுடையதுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தாள். “நானும் போறது இல்லை” என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில். மற்றப் பெட்டைகள் நிலத்தைப் பார்த்தார்கள். ஒருத்திகூடத் தாண்டிப் போகவில்லை.

வாப்பாவை மேடையில் விருந்தினருக்குப் பக்கத்தில் இருத்தியிருந்தார்கள். அவர் எழும்பி, மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு இறங்கினார். சப்பாத்து மணலில் புதையப் புதைய என்னிடம் வந்தார்.

“எந்த இடம் மகள்? காட்டுங்க.”

கூட்டிக்கொண்டு போனேன். அவர் கம்பியைப் பார்த்தார். பிறகு மேட்டைப் பார்த்தார். வெறும் கையாலேயே கம்பியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். முள் உள்ளங்கையில் ஏறியது. “வாப்பா, விடுங்கோ” என்று நான் கத்தினேன். அவர் விடவில்லை. அப்பா ஓடி வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார். சைக்கிள் திருத்துகிறவர்கள் கம்பி வெட்டுகிற குறடோடு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கம்பி முழுவதையும் சுருட்டித் தோப்புக்கு வெளியே போட்டுவிட்டார்கள்.

அதுக்குப் பிறகு நடந்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம். செயலாளர் படக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவரின்ரை கையிலிருந்து குறடு வாங்கி, மிஞ்சிக் கிடந்த ஒரு கம்பித் துண்டில் வைத்து, சிரிக்காத முகத்தோடு நின்று படம் எடுப்பித்தார். வாப்பா கையில் துணி சுற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றார். பின்னேரமே அந்தப் படம் சங்கத்தின்ரை முகநூலில் வந்துவிட்டது. ‘செயலாளர் தலைமையில் பாதை பாதுகாப்பாக்கப்பட்டது.’ வாப்பாவை வெட்டி எடுத்திருந்தார்கள். இப்படியும் மனிசர் இருப்பினமா? இவர்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லையா?

அம்புலன்ஸ் வந்த பிறகு ஓடினோம். பிரதம விருந்தினர் வேறு விழாவுக்கு நேரமாகிவிட்டது என்று முதலே போய்விட்டார். திலினி முதலாவது, நான் இரண்டாவது. கிண்ணத்தைக் கொடுக்கச் செயலாளர் கையை நீட்டியபோது திலினி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் மேடைக்கே ஏறவில்லை. அந்தக் கிண்ணம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. தெரியவும் வேண்டாம்.

எனக்கு ஒரு வருடத் தடை. ஒழுக்கக்கேடாம். போன கிழமை அறிவித்தார்கள். அதைக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன், அம்மா பயந்துபோனா.

நேற்று வாப்பாவின்ரை கடைக்குப் போனேன். கைக்காயம் ஆறிவிட்டது. தடையைப் பற்றிச் சொன்னேன். “ஓடத்தானே தடை. நடக்கத் தடை இல்லையே?” என்று கேட்டார். “நீங்க போறதெண்டால் சொல்லுங்க மகள். நானும் வாறன்.”

ஆகவே சுமி, உனக்குச் சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் ஒவ்வொரு போட்டிக்கும் நானும் உன்ரை வாப்பாவும் போவோம். பெட்டைகள் ஓட முன்னம் பாதை முழுவதும் நடந்து பார்ப்போம். பிழையான இடம் இருந்தால் கோட்டில் போய் நிற்போம். அவர்கள் எங்களைப் பிடித்துத் தள்ளட்டும், திரும்ப வந்து நிற்போம். எனக்கு இந்த அருவருப்புப் போகாது, போகவும் விடமாட்டேன். தடை முடிந்ததும் பெரியவர்களின் பிரிவில் ஓடுவேன். அப்போது இறக்கத்தில் பிறேக்கை விட்டுவிட்டு, உனக்குக் கேட்கிற மாதிரிக் கத்துவேன்.

உன்ரை உம்மா தன்ரை மூத்த மகள் என்று கூப்பிடுகிற,
உன்ரை அக்கா
எஸ்தர்