கேம் ரூமைத் திறந்து வையுங்கள்

செம்பூர்
18.1.2025

சௌபாக்கியவதி பிரபாவதிக்கு,

உன் அக்கா வீட்டில் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் காகிதமும் பேனாவும். பொங்கலன்று ஹோட்டலில் சாப்பிட்டேன். குத்திக்காட்டவில்லை, தெரிவிக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. நம் கேம் ரூமைப் படமெடுக்க ஒரு யூடியூப் சேனலிலிருந்து வருகிறார்கள். பிப்ரவரி ஒன்பது, ஞாயிறு. 'பழைய வீடியோ கேம்கள், பதினாறு வருஷச் சேகரிப்பு, சொந்தக்காரர் வைத்தீஸ்வரன்' என்று போடுவார்களாம். உன்னோடு கேம் ஆட வரும் அந்தக் கோஷ்டியும் வந்து நின்றால் களையாக இருக்கும். பழைய பெட்டி டிவியில் படம் நிற்காமல் மேலே மேலே ஓடுகிறது; என்ன செய்ய வேண்டும்? நீயும் வந்து எல்லோருக்கும் காபி கொடுத்தால் சந்தோஷப்படுவேன். யார் வாங்கியது என்ற பேச்சை மட்டும் எடுக்காதே.

அன்புடன்,
வைத்தி

காட்கோபர்
25.1.2025

ஸ்ரீதேவியின் அப்பாவுக்கு நமஸ்காரம்.

கடிதம் கிடைத்தது. நம் பெண் பெங்களூரில் நன்றாக இருக்கிறாள்.

டிவிக்குப் பின்னால் சின்னக் குமிழ் ஒன்று இருக்கிறது. மெதுவாகத் திருப்பினால் படம் நின்றுவிடும். கொட்டுகிற மழையில் மாஹிமிலிருந்து டாக்ஸியில் மடியில் வைத்துக் கொண்டுவந்த டிவி அது. கதவைத் திறந்த நீங்கள், "இந்தக் குப்பைக்கு ஒரு ரூமா?" என்றீர்கள்.

முதல் கேம் கன்சோலை, என் ஆபீசில் மாற்றலாகிப் போன ஒருவர் கொடுத்தார். அப்புறம் என் போனஸில் வருஷத்துக்கு ஒன்று. கேசட் முனைகளைப் பஞ்சால் துடைத்தவளும், ஷெல்ஃபுக்குச் சுவரில் துளை போட்டவளும் நான்தான். போன தீபாவளிக்கு உங்கள் நண்பர்கள் வாயைப் பிளந்தபோது, "எல்லாம் என்னோட கலெக்‌ஷன். இவளுக்கு என்ன தெரியும்? தூசி தட்டுவா, அவ்வளவுதான்" என்று சிரித்தீர்கள். நான் வீட்டை விட்டு வந்தது அதற்காகத்தான். சாமான்களை எடுத்துக்கொள்கிறேன் என்றேன்; வீட்டுப் பூட்டை மாற்றினீர்கள்.

போகட்டும். ஒன்பதாம் தேதி நான் வரவில்லை. என் கேம் நண்பர்களை நானே கூப்பிடுகிறேன். கேம் ரூமை மட்டும் திறந்து வையுங்கள்.

பிரபா

செம்பூர்
11.2.2025

பிரபா,

நீ இப்படிச் செய்வாய் என்று நான் நினைக்கவே இல்லை.

உன் ஆட்கள் ஆளுக்கொரு பெரிய பையோடு வந்தார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தாராவிப் பெண் அஃப்ஷா நேராக அலமாரிக்குப் போய் ஒரு கன்சோலை எடுத்துப் பையில் வைத்தாள்.

"என்னம்மா பண்றே?" என்றேன்.

"அங்கிள், ஆன்ட்டி எங்களுக்குக் குடுத்துட்டாங்க. இதெல்லாம் யாரோடதுன்னு சப்கோ மாலூம் ஹை, எல்லாருக்கும் தெரியும்."

உன் கோஷ்டியில் இன்னொருவன், நம்பிராஜன், அலமாரியைத் தட்டுத் தட்டாகக் காலி செய்தான். படமெடுக்க வந்தவர் என்னிடம், "சார், உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கேமை ஒரு தடவை ஆடிக் காட்டுங்க" என்றார். எனக்கு எதை எங்கே சொருகுவதென்றே தெரியவில்லை. அஃப்ஷாதான் போட்டுக் கொடுத்தாள். நான் தடுமாறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதையும் கழற்றிக்கொண்டு போனாள். எல்லாம் படத்தில் இருக்கிறது. என் ஆபீசில் போட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

உன் கோபம் புரிகிறது. ஆனால் இத்தனை வருஷம் சேர்த்ததை ஊராருக்கு வாரிக் கொடுக்க உனக்கு எப்படி மனசு வந்தது? கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே! வீட்டுக்கு வா. மறுபடி சேர்க்கலாம்.

வைத்தி

காட்கோபர்
20.2.2025

வைத்தீஸ்வரன் அவர்களுக்கு,

பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே நீங்கள் நியூஸ் சத்தத்தைக் கூட்டி வைத்தீர்கள்.

எனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. படத்தைப் பார்த்தேன். அஃப்ஷா கடைசிக் கன்சோலைக் கழற்றி வயரைச் சுருட்டியபோது அழுகை வந்துவிட்டது. அடுத்து உங்கள் முகம் வந்தது. அந்த இடத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை. பாவமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை.

நான் திரும்பி வரமாட்டேன். அந்தக் காலி அறையைப் பார்த்து, இங்கே என்ன இருந்தது என்று யாராவது கேட்பார்கள். என் பெயரைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

பிரபாவதி