ஒன்பது மாத பெர்மிட்

பிப். 3, திங்கள்

எட்டரை வரை பனி. ரோஜா பாலிஹவுஸ் வேலைக்கு அரை நாள் லீவு. பாப்பாரப்பட்டி பிரவுசிங் சென்டருக்குப் போய் மெயில் பார்த்தேன். பதில் இல்லை.

வெளிநாடு போக வழி என்று சென்டர் நடத்தும் பாய் போன வருஷம் சொன்னது மூன்று:
- வளைகுடாவில் வீட்டு வேலை. பயம். வேண்டாம்.
- டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வேலை தேடுவது. "அத மட்டும் செஞ்சிராதீங்கம்மா, புடிச்சா உள்ளதான்" என்றார்.
- ஐரோப்பாவில் பழத்தோட்டம். சீசன் பெர்மிட், ஒன்பது மாதம். தங்க இடம் அவர்களே தருவார்கள்.

டிசம்பரில் சேலம் ஏஜென்சி ஒன்றின் வழியாகப் போட்டது மூன்றாவது.

என் மகள் காவ்யா பன்னிரண்டாவது. நர்சிங் சேர்த்து ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். அவள் அப்பா செத்து மூன்று வருஷம். அன்றிலிருந்து அவருடைய அண்ணன் வீட்டுப் பின்னறையில்தான் நாங்கள். அந்த மாமா காவ்யாவுக்கு வரன் பார்த்து வைத்திருக்கிறார். வைகாசியில் பதினெட்டு முடிகிறது, ஆனியில் முகூர்த்தமாம். "பெர்மிட் வந்துச்சுன்னா உன் இஷ்டம் செல்வி. வரலன்னா நான் சொல்றதக் கேக்கணும்." சரி என்று நானும் தலையாட்டியாயிற்று. வேறென்ன செய்ய.

பிப். 6, வியாழன்

வந்துவிட்டது!

பாலிஹவுஸிலிருந்து வந்து கைகூடக் கழுவவில்லை. பாய் போனுக்கு அனுப்பியிருந்ததைக் காவ்யா படித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அம்மா, இது அப்பாவுக்கு வந்திருக்குது."

மிஸ்டர் கோவிந்தன். ஆண்கள் விடுதி, அறை எண் போட்டிருக்கிறது.

மாமாவிடம் சொல்லவில்லை.

பிப். 7, வெள்ளி

மறுபடி பாய். பழைய விண்ணப்பத்தைத் திறந்து காட்டினார்.

பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கேது அது. விட்டுவிடலாம் என்றுதான் பாய் சொன்னார். காவ்யா அப்பா பெயரைப் போடச் சொன்னது நான். ரேஷன் கார்டில் எடுத்துவிட்டார்கள், இதிலாவது இருக்கட்டும் என்று ஓர் ஆசை. பெர்மிட் ஃபாரத்தில் அந்தப் பெயர்தான் முதலில் நிற்கிறது. என் பெயர் பின்னால்.

அடுத்த கட்டத்தில் எம். அது ஆண் என்பதற்காம். சேலம் ஏஜென்சியில் பெயரைப் பார்த்து அப்படி டைப் அடித்துவிட்டார்கள். கையெழுத்துப் போடும் முன் நானும் அதைப் பார்த்தேன். மேரீட் என்று நினைத்தேன். விதவை என்று போடாமல் விட்டார்களே என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு. முட்டாள். முட்டாள்.

"என்னையவாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றார் பாய். பிரின்ட்டுக்குக் காசு வாங்கவில்லை. அதுதான் இன்னும் அழுகை வந்தது.

பிப். 10, திங்கள்

டவுனில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு நோட்டரி. பெர்மிட்டில் இருப்பதும் நானும் ஒரே ஆள் என்று எழுதி முத்திரை போட முடியாதாம். "ஆம்பளையும் பொம்பளையும் எப்படிங்க ஒரே ஆளு?"

பஸ் ஸ்டாண்டில் நின்றே ஏஜென்சிக்குப் போன். போனை எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசியது.

"திருத்த முடியாதுங்க மேடம். லேடீஸ் இடம் ஃபுல். அடுத்த சீசன் புதுசா போடுங்க."

அடுத்த சீசனுக்குள் ஆனி வந்துவிடும் என்று அதற்கு எப்படிச் சொல்வது.

"பெர்மிட் வேஸ்ட்டா போகுது மேடம். உங்க ஹஸ்பண்ட் பாஸ்போர்ட் இருந்தா சொல்லுங்க, அவரை அனுப்பலாமான்னு கேட்டுப் பாக்கறேன்."

அவர் இல்லை என்றேன். எப்ப வருவாரு என்று கேட்டது. வைத்துவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அதியமான்கோட்டை தாண்டியதுகூடத் தெரியவில்லை.

பிப். 11, செவ்வாய்

மாமாவிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "விடு செல்வி. நம்ம வூட்டுப் பொண்ணு வெளிநாட்டுல பழம் பொறுக்கணும்னு என்ன தலையெழுத்து" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவர் சம்சாரம், அக்கா, உடனே போனை எடுத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசினார். ஞாயிறு வருகிறார்கள்.

இரவெல்லாம் காவ்யா சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள்.

பிப். 12, புதன்

பனி இல்லை. தலைவலி. மஞ்சள் ரோஜா இன்றைக்குக் குறைவு.

சாயங்காலம் காவ்யா ஸ்கூல் பையோடு முன்னறைக்குப் போய் மாமா முன்னால் நின்றாள். நான் அங்கேதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் பார்க்கவில்லை.

"பெரியப்பா, மார்ச்சுல பரீட்சை எழுதப் போலாம்ங்களா?"

அவரைக் கேட்டாள்.