சாடிக்குள் பாட்டு நின்றது

ஜூலை 30

வெயில் ஜார்ஜியாவில் எங்கள் ககேத்தியையே வறுக்கிறது. அப்பாவும் மால்காஸ் சித்தப்பாவும் ஈஸ்டரிலிருந்து பேசுவதில்லை. சித்தப்பா தன் பங்குத் திராட்சைத் தோட்டத்தைத் திபிலிசிக்காரர் ஒருவருக்கு விற்கப்போகிறார். அங்கே விடுதி வருமாம், நீச்சல்குளத்தோடு. எட்டுத் தலைமுறைக் குடித்தனம் குளியலில் முடியப்போகிறது.

நடுவில் நான் தூது. "அந்தக் கழுதைகிட்ட மருந்தடிக்கிற மெஷினைத் திருப்பித் தரச் சொல்லு" என்றார் அப்பா. நான் போய், "உங்க உடம்பு எப்படி இருக்குன்னு அப்பா கேட்டாரு" என்றேன். மெஷின் வரவில்லை.

ஆகஸ்ட் 2

நாளை அந்தத் திபிலிசி ஆள் வருகிறார். அப்பாவின் முகம் புளித்த காடி.

ஆகஸ்ட் 3

குப்புறப் படுத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

விருந்தாளி வரும் நாளிலா சாடி கழுவுவது என்றாள் அம்மா. அறுவடைக்கு முன் கழுவியாக வேண்டும் என்றார் அப்பா. எல்லாம் வீம்பு. ஒயின் கொட்டகைத் தரைக்குள் கழுத்துவரை புதைந்த, ஆளையே விழுங்கும் மண்சாடி. அதன் வாய்க்குள் நுழையும் தோள் வீட்டில் எனக்கு மட்டும்தான். இடுப்பில் கயிறு, கையில் செர்ரிப்பட்டைத் துடைப்பான். உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். கெட்ட காற்று சத்தமில்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். பாட்டு நின்றால் உடனே இழுப்பார்கள்.

அப்பாவின் தொப்பையைப் பற்றி நானே கட்டிய பாட்டு. நாலாவது அடியில் மேலே காலடிச் சத்தம்; சித்தப்பா அந்த ஆளுக்குக் கொட்டகையைக் காட்ட வந்திருந்தார். சித்தப்பா முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் அப்பா கயிற்றைத் தூணில் கட்டிவிட்டுப் பின்வாசலுக்குப் போனது தெரிந்தது. கையெழுத்து எப்போது என்று வந்தவர் கேட்டார்.

"இன்னிக்கே போட்டுடலாம்" என்றார் சித்தப்பா.

என் பாட்டு நின்றுவிட்டது. சத்தியமாக வேடிக்கைக்கு இல்லை.

அடுத்த நொடி மேலே வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு இரண்டு தலைகள்.

"கயித்தப் புடிண்ணே."

"புடிச்சிட்டேன்டா. நீ அவ தோளைப் பாரு."

ஈஸ்டருக்குப் பிறகு முதல் பேச்சு. என் தலைக்கு மேலே!

வெளியே வந்ததும் சித்தப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பா என் முதுகில் ஒன்று வைத்தார். வாழ்க்கையில் குறும்பே செய்யாத ஒரே ஒரு தடவை, அதற்கு அடி.

"ஏண்டி நிறுத்தினே?" என்றார் சித்தப்பா.

"நீங்க விக்கிறேன்னு சொன்னது கேட்டுச்சு."

பொய் எதுவும் அகப்படவில்லை.

வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். சித்தப்பா முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே, "இன்னிக்கு வேணாங்க" என்றார். அப்படியானால் நாளைக்கா என்று கேட்டார் அவர். சித்தப்பா தட்டிக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 4

முதுகு வலிக்கிறது. அந்த ஆள் வரவில்லை.

செப்டம்பர் 28

அறுவடை. தன் தோட்டத்துத் திராட்சையோடு சித்தப்பாவின் வண்டியும் எங்கள் மிதிதொட்டிக்கே வந்தது. திராட்சையைக் காம்போடு சாடியில் போடுவதா, காம்பை நீக்கிவிட்டா? முழங்கால்வரை சாற்றில் நின்றுகொண்டு இருவரும் காலையிலிருந்து சண்டை. உனக்கு என்னடா தெரியும் என்கிறார் அப்பா. ஒனக்கு மட்டும் தெரியுமாக்கும் என்கிறார் சித்தப்பா. தொட்டியை விட்டு யாரும் முதலில் இறங்குவதாக இல்லை.

ரொட்டி ஆறுகிறது, கூப்பிடு என்று அம்மா அனுப்பினாள். கொட்டகை வாசல்வரை போனேன். கூப்பிடவில்லை.