பக்கத்து சீட்டில் இருப்பவன்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மூன்று பேருக்கு வகுப்பு. மூவருமே கிளட்சை மிதிப்பதாக நினைத்து என் உயிரை மிதித்தார்கள்.

வீட்டில் நல்ல செய்தி. மனைவிக்குப் பதவி உயர்வு. ஊரின் மறுகோடியில் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மே மாதத்திலிருந்து அவள்தான் பொறுப்பு. காலை ஆறு மணிக்கே இருக்கவேண்டும். முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். "புருஷன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். எனக்கென்ன கவலை?" என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

மைதானத்தில் அவளுக்கு மூன்றாவது பாடம். வேடிக்கை பார்க்க மச்சினி பின்சீட்டில். ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் வண்டி நின்றுபோனது. ஐந்தாவது தடவை என் வாய் முந்திக்கொண்டது. "உன்ன நம்பி ஒரு உருளைக்கிழங்கு மூட்டையக்கூட ஏத்த முடியாது. உனக்கெல்லாம் இந்த ஜென்மத்துல வராது."

மச்சினி சிரித்தாள். இவள் வண்டியை அணைத்து, சாவியை என் கையில் வைத்துவிட்டு, வீடுவரை நடந்தே போனாள்.

எல்லாரிடமும் இதைத்தானே சொல்கிறேன்? மறுநாளும் வருகிறார்களே! — வராமல் போனவர்களும் உண்டு. அவர்களை நான் எண்ணியதில்லை.

மார்ச் 9

காபி மேஜைக்கு வந்தது, அவள் வரவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பதவி வேண்டாம் என்று கடிதம் எழுதிவிட்டாளாம். ஏன் என்றேன். "வராதுன்னு வாத்தியாரே சொல்லிட்டாரே."

விளையாட்டுக்குச் சொன்னேன் என்றேன். "உங்க காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்கு. வாய்க்குத்தான் இல்ல."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்தார்கள். அதன் கீழே உட்கார்ந்துதான் ஒவ்வொருத்தனுக்கும் பட்டப்பெயர் வைத்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

சிக்னலில் என் பக்கத்தில் போட்டி டிரைவிங் ஸ்கூலின் கார். ஓட்டுவது என் மனைவி! வாத்தியாரம்மா ஏதோ சொல்ல, இவள் சிரிக்கிறாள். பச்சை விழுந்ததும் அலுங்காமல் எடுத்துப் போனாள். என் வண்டிதான் நின்றுபோனது. பின்னால் ஒரே ஹாரன்.

வயிறெரிந்தது, மறைப்பானேன். என் வண்டியில் ஒருத்தரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மச்சினியைப் பிடித்து விசாரித்தேன். கடிதம் இன்னும் கைப்பையிலேயே இருக்கிறதாம். லைசென்ஸ் வந்தால் கிழித்துவிடுவாளாம்.

ஏப்ரல் 20, திங்கள்

லைசென்ஸ் வந்துவிட்டது. "சந்தோஷம்" என்றேன். அதற்குமேல் வாய் திறக்க பயம்.

மே 3, ஞாயிறு

நாளை அவள் பொறுப்பேற்கிறாள். வழி பார்த்துவரக் கிளம்பினோம். "நீங்க பின்னாடி உக்காருங்க" என்றாள். மச்சினி முன்னால். நன்றாகத்தான் ஓட்டினாள். அங்கே போய் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் கர்ரென்று ஓர் உரசல்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் என்னையே பார்த்தாள். என் நாக்கு நுனியில் நாலைந்து வந்து நின்றன, எல்லாம் வழக்கமான சரக்கு. விழுங்கினேன்.

"என் முதல் டெஸ்ட்ல அதிகாரியோட சைக்கிள் மேலயே ஏத்திட்டேன். மூணு தடவ ஃபெயில்." இருபது வருடமாக யாரிடமும் சொல்லாதது.

"மூணு தடவையா?"

"மூணு."

அவள் வண்டியை முன்னால் எடுத்து, மறுபடி ரிவர்ஸ் போட்டு, தூணிலிருந்து தள்ளி நேராக நிறுத்தினாள். பிறகு தங்கையிடம், "நீ பின்னாடி போடி. மாமா முன்னாடி வரட்டும்" என்றாள்.