பள்ளிவாசல் பலகையில் ஆறு பேர்

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம், கூரையும் இருந்த இடத்தில் இருக்கிறது, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க துஆ செய்கிறேன். மருந்துக்கடைக்காரர் தன் மகளைப் பார்க்க நீ இருக்கும் நாட்டுக்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடுகிறது, அறுந்த பிறகு மிச்சத்தைச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. நான் படித்தது நாலு வகுப்பு, எழுத்து கோணலாக இருக்கும், நிறுத்தி நிறுத்திப் படி.

உன் தம்பி மவுத்தாகி அடக்கம் செய்த அன்று, எல்லாம் முறையாக நடந்ததா என்று கேட்டாய். நடந்தது என்றேன். சொல்லாமல் விட்டது உண்டு, அதைச் சொல்ல உன் பத்திரிகையில் வந்த படத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தெருவைப் படமெடுத்து அனுப்பு என்றாய், பத்துப் படம் அனுப்பினேன், அதில் பள்ளிவாசல் பலகையும் ஒன்று. மேலே இந்த வாரம் என்றும், கீழே ஆறு பேரும், பக்கத்தில் கிழமையும் எழுதியிருந்தது. செத்தவர்களின் மையத்தை யார் எந்தக் கிழமை குளிப்பாட்டுவது என்கிற முறை அது. அப்படியே எழுதினால் ஓதவரும் பிள்ளைகள் பயப்படும் என்று, தொழவைக்கிற ஹஸ்ரத் தலைப்பு போடவில்லை, தெருவில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. பேரும் அவர்களுக்குள் கூப்பிடுகிற பேர்தான், ஒட்டகம், பேட்டரி, மாப்பிள்ளை என்று. ஒட்டகம் நம் தம்பி, கழுத்தை நீட்டிக்கொண்டு நடப்பதால் நீ போன பிறகு வைத்த பேர். பேட்டரி போன் ரிப்பேர் பார்க்கிறவர். மாப்பிள்ளைக்கு நாற்பது வயசாகியும் பெண் கிடைக்கவில்லை, அந்தக் கிண்டல். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துப்பாக்கிக் காவலுக்கு முறை போட்டிருக்கிறார்கள், ரகசியப் பேரில் இயங்குகிறார்கள் என்று எழுதிவிட்டாய்.

பத்திரிகை வந்த மூன்றாம் நாள் பட்டாள வண்டியில் ஆட்கள் வந்தார்கள், கையில் நீ போட்ட பலகைப் படம். பேட்டரி யார் என்று கேட்டதும், கடையில் உட்கார்ந்திருந்தவர் போன் ரிப்பேருக்கு வந்திருக்கிறார்களாக்கும் என்று நினைத்து, நான்தாங்க என்று எழுந்து நின்றாராம். கூட்டிப்போய்விட்டார்கள். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள், பலகையில் இருப்பது தன் கையெழுத்தாயிற்றே என்று ஹஸ்ரத்தும் போய்விட்டார். தம்பியையும் போகச் சொன்னேன். "நானும் போயிட்டா செத்தவங்கள யாரு உம்மா கழுவுறது" என்றான். அடுத்த வாரமே அவன் தண்ணீர் லாரி வரிசையில் நின்றபோது குண்டு விழுந்தது.

அவனைக் குளிப்பாட்ட ஆள் இல்லை. முடிவெட்டுகிற பெரியவர் வந்தார், அவருக்கு ஒரு கை வராது. நான் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் மொண்டு கொடுத்தேன். நடுவில் உள்ளேயிருந்து, "வலது பக்கம் முடிச்சிட்டேம்மா, அடுத்தது என்னன்னு மறந்துபோச்சு" என்றார். பெண் மையத்துகளைக் குளிப்பாட்டிப் பழகியதால் எனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். கடைசித் தண்ணீரில் கற்பூரம் போடச் சொன்னேன், போட்டார். அவ்வளவுதான்.

எங்களை ஒரு தப்பும் செய்யாத மலக்குகள் என்று எழுத வேண்டாம். பின் தெருவில் துப்பாக்கி தூக்கினவர்கள் இருக்கிறார்கள், அவர்களால் நமக்கும் தொல்லைதான், அதையும் எழுது. ஆனால் பள்ளிவாசலில் ஆறு ஆண்கள் சேர்ந்து நின்றால், எதற்கு நிற்கிறார்கள் என்று ஒருத்தரிடமாவது கேட்டுவிட்டு எழுது. பேட்டரியின் பெண்சாதி தினமும் பட்டாள முகாம் வாசலில் நிற்கிறாள், அவர் உள்ளேதான் இருக்கிறாராம். எழுதினது தப்பு என்று அதே பத்திரிகையில் வந்தால், அதை வைத்து மனு கொடுக்கலாம் என்கிறார் வக்கீல். பத்திரிகையில் மேலே இருக்கிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வேலைக்கு ஆபத்து என்று நீ யோசிப்பாய். உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வது எனக்குச் சுலபம், தெரிகிறது. இருந்தாலும் எழுது. மூலையில் சின்னதாக வேண்டாம், முன்பு போட்ட அதே இடத்தில் போடச் சொல். ஓடினவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று மட்டும் வாய்தவறியும் எழுதிவிடாதே.

உன்னை மட்டும் குற்றவாளியாக நிறுத்தவில்லை. தம்பி பேர் தெளிவாகத் தெரியட்டும் என்று பலகைக்குக் கிட்டப் போய்ப் படம் எடுத்தவள் நான்.

அல்லாஹ் உன் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும். பத்திரிகை வந்ததும் காகிதமாகவே அனுப்பு, போனில் காட்டினால் முகாம் வாசலில் ஏற்க மாட்டார்கள். இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கிழித்துப் போட்டாலும் பேட்டரியின் பெண்சாதி கையில் இன்னொன்று இருக்க வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும்
உம்மா