மாநகர விளக்கு உலாவுக்கு நான் வழிகாட்டி

24.12.98, வியாழன்

காலையில் தூறல், பிறகு வெயில். அரையாண்டுப் பரீட்சை முடிந்தது. கணக்கு சுமார். அறிவியல் நன்றாகவே. லீவு வீட்டுப்பாடம்: வரைபடம் நான்கு, கட்டுரை ஒன்று.

அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன். பகல் முழுக்கப் பீடி சுற்றிய அலுப்பு, படுத்தால் எழமாட்டாள். தெருவிளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாகப் பாய் வரைக்கும். அது போதும்.

அறிவியலில் ஒரு கேள்வி: மாலைக்கண் நோய் எதனால் வருகிறது? விடை தெரியும். அப்பாவுக்கு அதுதான். எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும்.

ஆடி மாதத்தில் கண்டுபிடித்தேன். பொழுது சாய்ந்ததும் வாசலில் இருந்த வாளியை உதைத்தார். சட்டையை ஆணியில் மாட்டப் போய், வெறும் சுவரில் மாட்டினார். கீழே விழுந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

"விளக்கு தெரியுதுட்டி முத்து. தரைதான் தெரிய மாட்டேங்குது," என்றார். அம்மாவிடம் சொல்லாதே என்றார்.

அப்பா வாடகைக்கார் ஓட்டுகிறவர். அம்பாசிடர், வெள்ளை. இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. (பெருமைக்குத்தான் எழுதுகிறேன். யார் பார்க்கப் போகிறார்கள்.) ராத்திரி ஓட்டம் வந்தால் வயிற்றுவலி என்பார், சித்தப்பா வீட்டு விசேஷம் என்பார். சாக்கெல்லாம் தீர்ந்துகொண்டு வருகிறது. தெரிந்தால் சாவியை வாங்கிக்கொள்வார்கள். வண்டி ஓட்டுவதைத் தவிர அப்பாவுக்கு வேறு வேலை தெரியாது.

நான் பார்க்கும் வைத்தியம்: முருங்கைக்கீரை. பப்பாளி. கேரட் எப்போதாவது. கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், "கீர வேல செய்யட்டும்," என்கிறார். டாக்டர், இது கீரைக்குத் தீராது, வேறு ஏதோ நோய் என்று சொல்லிவிடுவாரோ என்று அவருக்குப் பயம். எனக்கும்.

25.12.98, வெள்ளி

நல்ல வெயில். எதிர்வீட்டு எஸ்தர் அக்கா கேக் கொடுத்தாள். அம்மாவுக்குப் பாதி.

மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். கார் ஷெட் வாசலில் புதுப் பலகை, பெயிண்ட் காயவில்லை: "மாநகர விளக்கு உலா. மாலை மட்டும். தனிக் கார். வழிகாட்டி உண்டு."

முதலாளி அண்ணாச்சியின் (மு.அ.) யோசனை. திருநெல்வேலி மாநகராட்சி ஆனதிலிருந்து அவருக்கு 'ஊர்' என்ற சொல்லே மறந்துவிட்டது. "மாநகரத்துல மழை பெய்யுது," என்பார். "மாநகரத்துல கத்தரிக்கா விலையப் பாத்தியளா," என்பார்.

முதல் உலாவுக்கு ஆட்களும் கிடைத்துவிட்டார்கள். மெட்ராஸ்காரர்கள். பேங்க் சார் ஒருவர், அவர் மனைவி. ஜங்ஷன் லாட்ஜில் தங்கியிருக்கிறார்கள். நாளை சாயங்காலம்.

மற்ற டிரைவர்கள் எல்லாரும் சபரிமலை ஓட்டம். அப்பா ஒருவர்தான் மிச்சம்.

மு.அ.: "என்னவே சுடல, வயித்துவலின்னு சொல்லீராத. நம்ம ஊரு இப்பம் மாநகரம்லா. மாநகரத்த ராத்திரிதாம்வே பாக்கணும். வழிகாட்டிக்குத்தான் ஆள் இல்ல."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தூக்குச்சட்டியைப் பார்த்தேன்.

"எம் மவ வருவா அண்ணாச்சி. நல்லாப் பேசுவா."

"இவளா? இவ வாயத் தொறந்து நான் பாத்ததே இல்லியே."

"மேடத்துக்கும் துணையா இருக்கும்லா."

நல்லாப் பேசுவாளாம். வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குக் குரல் வராது. அப்பாவுக்கு அது தெரியும்.

சாயங்காலம் கிணற்றடியில் அப்பாவும் நானும். அம்மா உள்ளே. குசுகுசு என்று பாடம். நான் முன் சீட்டில், அப்பாவுக்கு இடப்பக்கம்.

பைய = வேகத்தைக் குறை
இங்கன = என் பக்கம் ஒடித்துத் திருப்பு
அங்கன = உங்கள் பக்கம் ஒடித்துத் திருப்பு
நின்னு பாப்போம் = பிரேக்

"பூரா நாம தெனமும் பேசுத பேச்சுதான. யாருக்குத் தெரியப்போவுது," என்றார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தூக்கம் வராது.

26.12.98, சனி

மழை இல்லை. குளிர். பச்சைத் தாவணி.

பயந்து பயந்து எழுதுகிறேன், ஆனால் முதலில் இதை எழுதிவிட வேண்டும்: நான் பேசினேன். உலா முடிகிறவரை நிறுத்தாமல் பேசினேன்.

லாட்ஜ் வாசலில் சார், கையில் கேமரா. மேடம், தோளில் பெரிய தோல் பை. "நீதான் கைடாம்மா? என்ன படிக்கிறே?" "பத்து." எனக்கே கேட்கவில்லை.

கிளம்பியதும் ஈரடுக்குப் பாலம். "மேல ஒரு ரோடு, கீழ ஒரு ரோடு. மேல பஸ்ஸு, லாரி. கீழ சைக்கிள், நடக்கிறவங்க. அடியில ரயில் தண்டவாளம்." சார் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். "மெட்ராஸ்லயே இப்படி ஒண்ணு இல்லையே!" அப்போதுதான் என் நாக்கு மேலண்ணத்தை விட்டு இறங்கியது. பாலத்தை நானே கட்டியது மாதிரி இருந்தது.

ஆனால் ஒரு கஷ்டம். நேற்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. 'இங்கன பாருங்க' என்றால் அந்தப் பக்கம் பார்க்க ஏதாவது இருக்க வேண்டுமே.

டவுன் ரதவீதி. இடப்பக்கம் ரோட்டை மறித்துக் கறுப்பு மாடு, படுத்திருக்கிறது. "அங்கன பாருங்க!" என்று கத்தினேன். அப்பா வலப்பக்கம் ஒடித்தார். சாரும் மேடமும் வலப்பக்கம் பார்த்தார்கள். பூட்டிய ரேஷன் கடை.

"அது என்னம்மா?"

"ரேஷன் கடை."

"அதுல என்ன விசேஷம்?"

"கூட்டமே இல்ல பாருங்க."

அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டார். சார் போட்டோ எடுத்தார்! அது திருநெல்வேலி ரேஷன் கடை என்று மெட்ராஸில் யாருக்காவது காட்டுவார்.

கோயில் கோபுரத்தில் மார்கழி விளக்கு. எதிரே அல்வாக்கடை, ஒரே ஒரு அழுக்கு பல்பு, தெருவை அடைத்துக் கூட்டம். "விளக்கு உலான்னு கூட்டிட்டு வந்து இருட்டைக் காட்டறீங்களே," என்றார் சார். அப்பா சொன்னார்: "அல்வா திங்க வெளிச்சம் எதுக்கு சார்?"

பிறகு கொக்கிரகுளம் ஆற்றுப்பாலம். தண்ணீரில் விளக்குகள் நீளநீளமாகக் கிடந்தன. அதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வாழை இலைக்கட்டோடு ஒரு சைக்கிள், விளக்கில்லாமல், நேர் முன்னால். ஒரு நொடி பிந்திப் பார்த்தேன். "பைய! பைய! பைய!"

வண்டி குலுங்கி நின்றது. சைக்கிள்காரர் ஒரு காலை ஊன்றித் திரும்பினார். வயசானவர். "ஏலே, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று சத்தம்போட்டார். மேடம் பையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பாளையங்கோட்டை. வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம். ஊசிக்கோபுர சர்ச்சின் உச்சி வரைக்கும் விளக்குச் சரம். "எங்க பாளையில நட்சத்திரம் மழைக்கு நனையாது, உள்ள பல்பு காய வச்சிரும்," என்றேன். யார் சொல்லிக்கொடுத்தது எனக்கு இதையெல்லாம்? சார் சிரித்தார்.

மேலப்பாளையம். நோன்பு திறந்து முடித்த நேரம், கடைத்தெரு முழுக்க ஆட்கள், பள்ளிவாசல் மினாராவில் பச்சை, வெள்ளை, பச்சை. அப்போது கரண்டு போனது.

மொத்தமும். தெரு, கடை, மினாரா. எங்கள் ஹெட்லைட் மட்டும். அதன் இரண்டு பக்கமும் சிரிப்புச் சத்தம், குழந்தைகள், பாத்திரச் சத்தம். அப்பாவின் கைகளைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை விட்டால் விழுந்துவிடுவார் போலப் பிடித்திருந்தார்.

"நின்னு பாப்போம்," என்றேன்.

"எதைப் பார்க்கறது? ஒண்ணுமே தெரியலையே," என்றார் மேடம்.

"கரண்டு வரும் மேடம். வரும்போது பாக்கணும்."

வேறு என்ன சொல்வது? காத்திருந்தோம். யாரோ ஒரு அம்மா, "ஏ வாப்பா, அரிக்கேன் வெளக்க எங்கன வச்சிய?" என்று கேட்பது கேட்டது. பிறகு வந்தது. ஒரே நொடியில். மினாரா அடியிலிருந்து நுனி வரைக்கும், கடைகள், சர்பத் பாட்டில்கள், தொப்பிகள், முகங்கள். தெருவே "ஓ" என்று கத்தியது. சார், மேடம், அப்பா, நான், நாலு பேரும் கத்தினோம். இதைப் பார்க்க மெட்ராஸிலிருந்து வரலாம். எங்கிருந்தும் வரலாம்.

திரும்ப லாட்ஜ். மேடம் என் கன்னத்தைத் தட்டினார். "அருமையா காமிச்சேம்மா. ஊரும் அழகுதான். ஆனா திருட்டு பயம் இவ்வளவு இருக்கும்னு நினைக்கலை. நீ 'பைய, பைய'ன்னு ஞாபகப்படுத்திட்டே இருந்ததால பையை விடாம பிடிச்சிட்டிருந்தேன்."

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அது மெதுவாக என்று அர்த்தம் மேடம், அப்பாவுக்குச் சொன்னது. வாய் வரைக்கும் வந்தது. ஏன் அத்தனை தடவை சொன்னாய் என்று கேட்டால்?

"ஆமா மேடம்," என்றேன். "இங்க திருட்டு ஜாஸ்தி."

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா: "என்னமாப் பேசிட்டட்டி! வக்கீல் தோத்தான்." சந்தோஷம்தான். ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. என் ஊரைத் திருட்டு ஊர் என்று என் வாயாலேயே சொன்னது ஒன்று. இன்னொன்று அந்த இலைக்கட்டுக்காரர். இன்னும் ஒரு நொடி பிந்தியிருந்தால்? அவர் வீட்டிலும் யாராவது காத்துக்கொண்டிருப்பார்கள்.

27.12.98, ஞாயிறு

மேகமூட்டம். தலைக்குக் குளித்தேன். வரைபடம் ஒன்றுகூடத் தொடவில்லை.

ஐந்தரை மணிக்கு மு.அ. ஆள் அனுப்பினார். அப்பாவையும் என்னையும் கூப்பிட்டாராம்.

முதலில் நல்ல செய்தி. "சாரு ரொம்பச் சந்தோசப்பட்டாவ. இன்னைக்குப் புன்னக்காயல் போவணுமாம். ஆத்து முகத்துல மீன்காரவிய கிறிஸ்மஸ் வெளக்கு கட்டியிருக்காவளாம்லா, அதப் பாக்கணுமாம். ராத்திரிச் சாப்பாடு முடிச்சித் திரும்பணும்."

புன்னக்காயல் ரோடு எனக்குத் தெரியும். பனை, உப்பளம். ஒரு தெருவிளக்கு கிடையாது. அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு மு.அ. என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, இங்க வா. மாநகரத்துல திருட்டு ஜாஸ்தின்னு சொன்னியா?"

வாசல் பலகையைப் பார்த்தேன்.

"மேடம் சொல்லுதாவ. பையப் பத்திரமா வச்சிக்கிடுங்கன்னு வழி பூரா சொல்லிட்டே வந்தியாம். நான் பலக எழுதிவச்சி மாநகரத்தக் காட்டுதேன், நீ களவாணி ஊருன்னு காட்டுதியா? சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன் அண்ணாச்சி."

"பாத்தியாவே ஒம் மவள! ஏட்டி, இனி இந்த ஷெட்டுப் பக்கம் உன்னப் பாக்கக்கூடாது. சுடல, நீ தனியாப் போயிட்டு வா."

தனியாக. அந்த ரோட்டில். அப்பாவைப் பார்த்தேன், போகாதீங்க என்று கண்ணாலேயே. அப்பா என்னைப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். போகப்போகிறார் என்று நினைத்தேன். மேசைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, நம்ம ஊருல 'பைய'ன்னா என்ன?"

"என்னவே கேள்வி? மெதுவான்னு அர்த்தம்."

"அதத்தான் அவ சொன்னா. மேடத்துக்கு இல்ல. எனக்கு."

மு.அ. வெற்றிலைச் செல்லத்தை மூடினார்.

"பொழுது அடஞ்சா எனக்குக் கண்ணு தெரியல அண்ணாச்சி. நேத்து வண்டிய ஓட்டுனது எங் காலும் கையும். பாத்தது அவ. எம் மவ ஊரக் கொறச்சிப் பேசல. என்னக் காட்டிக்குடுக்காம இருக்கப் பேசுனா. ஏசுததுன்னா என்ன ஏசும்."

ஏசினார். "ஏலே பாவி! நாலு உசுருலே! ரோட்டுல போறவன் உசுரு வேற!" வெற்றிலைச் செல்லத்தைத் தூக்கிப் போட்டார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயம். அப்பா தலைகுனிந்து நின்று கேட்டார். நானும்.

சத்தம் ஓய்ந்ததும் மு.அ. சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகினார். "நானே ஓட்டிட்டுப் போறேன் புன்னக்காயலுக்கு. நீ நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போ. பகல்ல ஓட்டலாம்னு டாக்டரு எழுதித் தந்தா வா. தரலன்னா..." முடிக்கவில்லை. வெளியே போனவர் வாசலில் நின்று என்னிடம், "மேடத்துக்கிட்ட அர்த்தத்தச் சொல்லீருதேன்," என்றார். அவ்வளவுதான்.

டாக்டர் எழுதித் தருவாரா, தெரியாது. இன்று காலை வரைக்கும் டிரைவர் மகள். நாளை என்னவோ.

வீட்டுக்கு நடந்தோம். இருட்டிவிட்டது. வழக்கமாக அப்பா இந்த நேரத்தில் எனக்கு ஓரடி பின்னால், என் பின்னலின் வெள்ளை ரிப்பனைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் நடவாத மாதிரி வருவார். இன்று எங்கள் தெரு முக்கில் நின்றார். டீக்கடையில் கூட்டம். ரேடியோ. எல்லாரும் தெரிந்தவர்கள்.

கையை நீட்டினார்.

"முத்து, இருட்டுல ஒண்ணும் தெரியலட்டி. பிடிச்சிக் கூட்டிட்டுப் போ," என்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

டீ ஆற்றுகிறவரின் கை நின்றுவிட்டது. யாரோ, "என்ன சுடல, என்ன ஆச்சி?" என்றார்கள். அப்பா, "கண்ணுதாம்வே," என்றார், தலைவலி என்பதுபோல.

நான் கையைப் பிடித்தேன். தெருவே பார்த்தது. எனக்கு ஒன்றும் வெட்கமாக இல்லை. "சாக்கடை வருது, பெரிசா எடுத்து வைங்க," என்று நானும் சத்தமாகத்தான் சொன்னேன்.